சென்சரை மாற்றுவதற்கு முதல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸுக்கு எடுபட்ட செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவள் சின்னனிலேயே கெட்டிக்காரி" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தா. இங்கே எல்லோரும் சுகம். தம்பியின் வயலும் வெட்டி முடிந்தது.

சரி, உன் காருக்கு வருவோம். பெற்றோல் கூடச் செலவாகிறது, ஸ்கேனர் 'லீன்' (காற்றுக்குப் பெற்றோல் போதாது) என்று காட்டுகிறது, புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு மச்சான், காசைக் கொடுத்துவிடாதே.

அந்தச் சென்சருக்குப் பெற்றோலை அளக்கத் தெரியாது. எரிந்து வரும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒட்சிசன் மிஞ்சினால் பெற்றோல் குறைவு என்று காரின் கொம்பியூட்டர் கணக்குப் போடும். இதில்தான் வில்லங்கம். ஒரு ஸ்பார்க் பிளக் பொறி அடிக்காவிட்டால் அந்த சிலிண்டரின் பெற்றோலும் காற்றும் எரியாமலே வெளியே வரும். சென்சர் காற்றைக் கண்டு 'லீன்' என்னும், கொம்பியூட்டர் இன்னும் பெற்றோலை ஊற்றும். சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் மூட்டை அடைக்கும் கஸ்கட்டில் ஓட்டை விழுந்து வெளிக்காற்றை இழுத்தாலும் இதே கதைதான். நீ சொல்லும் பெற்றோல் செலவு அப்படியும் வரலாம்.

அடுத்தது, எல்லாச் சென்சரும் ஒன்றல்ல. 1976இல் பொஷ் கம்பனி வொல்வோ கார்களுக்குக் கொடுத்தது சிர்கோனியா வகை. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒட்சிசன் வித்தியாசத்தால் அதுவே வோல்ட் உண்டாக்கும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட் வரை ஏறும், குறைந்தால் 0.1க்கு இறங்கும். நடுவில் நிற்காது. எந்தப் பக்கம் என்று சொல்லுமே தவிர எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அதனால் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். இஞ்சின் சூடான பிறகு வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அது நல்ல சென்சர்.

பழைய நிசான்கள் சிலவற்றில் டைட்டானியா வகை உண்டு. அது வோல்ட் உண்டாக்காது, அதன் மின்தடைதான் மாறும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் சரிவராது.

இப்போது பல கார்களில் கற்றலிஸ்ருக்கு (புகையைச் சுத்தமாக்கும் பகுதி) முன்னால் இருப்பது வைட்பேண்ட் என்ற வகை. உன்னுடையதிலும் அதுதான். இந்த வகையில் பலவற்றுக்குள் ஒரு சின்ன இடைவெளி, பக்கத்தில் ஒட்சிசனைத் தள்ளும் ஒரு பம்ப். புகையில் ஒட்சிசன் கூடினால் பம்ப் அதை வெளியே தள்ளும், குறைந்தால் உள்ளே இழுக்கும். உள்ளே எப்போதும் சமநிலை இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கரண்ட் போனது என்பதுதான் அளவு. சரியான கலவையில் கரண்ட் பூச்சியம். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது. பழையது சொல்லாத அந்தத் தூரத்தை இது அப்படியே சொல்லிவிடுகிறது.

ஆனால் டொயோட்டா ஸ்கேனரில் இந்தச் சென்சருக்கு 3.3 வோல்ட்தான் நடு. அதற்கு மேலே போனால் லீன், பழையதற்கு நேர்மாறு. பழையதுபோல் அது மாறிமாறி ஏறி இறங்கவும் மாட்டாது. பழைய வகையில் கைபழகியவர் இதைப் பார்த்தால் "சென்சர் செத்துப் போச்சு" என்றுதான் சொல்வார். கற்றலிஸ்ருக்குப் பின்னால் இருப்பது வழக்கமாகப் பழைய வகையாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

காலையில் இஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, இஞ்சினில் இருந்து புகை வெளியேறும் எக்ஸ்சோஸ்ட் மனிபோல்ட் பக்கம் காதைக் கொடு. 'டிக் டிக்' சத்தம் கேட்டாலோ கஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருந்தாலோ ஓட்டை அங்கேதான். பிளக்குகளையும் கழற்றிப் பார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு இஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ஒரு சின்ன வக்கூம் ஹோஸை ஒரு கணம் கழற்று. சென்சர் உடனே லீன் பக்கம் பாய்ந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு நீ வருவாய்தானே, காரிலேயே வா. என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு பேருமாகப் பார்ப்போம். அதற்கு முதல் நாலு பிளக்கின் நுனியும் என்ன நிறம் என்று எழுது.

அன்புடன்,
சிவா