செந்நாய்கள் உங்கள் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை: வனத்துறை உயர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ், காட்டுக்குள் ஆய்வு செய்ய அனுமதி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம் எந்தெந்த மேசைக்குப் போகும், எங்கே தங்கிவிடும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் மறுபடியும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. விண்ணப்பம் கொடுத்த 60 நாளுக்குள் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். அனுமதி உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

நான் ஆராய்வது செந்நாய்களை. புலிக்கு உடம்பில் வரி இருக்கிறது. கேமராவில் பதிவாகும் அந்த வரிகளை வைத்தே புலிகளைக் கணக்கிடலாம் என்று கர்நாடகத்தின் நாகரஹோளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் காட்டினார். செந்நாய்க்கு அந்த வசதி இல்லை. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலச் சிவப்பாக இருக்கும். அதனால் குட்டி போடும் பருவம் எங்களுக்கு அத்தனை முக்கியம். தென்னிந்தியக் காடுகளில் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் குட்டி போடும். தாய் வளையில் இருக்க, மற்றவை வேட்டையாடி வந்து தின்ற இறைச்சியைக் கக்கி ஊட்டும். ஒரு கூட்டம் ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த இரண்டு, இரண்டரை மாதம்தான். குட்டிகளுக்குக் காலில் பலம் வந்துவிட்டால் வளையை விட்டுப் போய்விடும். அனுமதி ஏப்ரலில் வந்து என்ன பயன்? அடுத்த நவம்பர்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். உதவித்தொகையோ மொத்தமே ஐந்து வருடம்.

என்னோடு வேலை செய்ய ஒத்துக்கொண்டிருந்த அண்ணன் காட்டையொட்டிய பழங்குடிக் கிராமத்துக்காரர். பாதைகள் சந்திக்கும் இடத்தில் எச்சம் கிடந்தால் நின்று பார்ப்பார். ஒரே இடத்தில் நாலைந்து குவியல் கிடந்தால் செந்நாய்க் கூட்டம் என்பார். குச்சியால் பிரித்து, உள்ளே இருக்கும் முடியை விரலில் உருட்டிப் பார்த்து, "கடமான்மா, புள்ளிமான் இல்ல" என்பார். அதையே ஆய்வகத்தில் கழுவிக் காயவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் நான் சொல்ல முடியும். அனுமதி வராமல் அவரை வேலைக்கு வைக்க முடியாது. "எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்வதற்கு என்னிடம் தேதி இல்லை. இப்போது காபித் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டார். வீட்டில் உலை வைக்க வேண்டுமே, அவரை எப்படிக் குறை சொல்வது?

வனவிலங்கு அறிஞர் ஜான்சிங் அவர்களை நீங்கள் அறிவீர்கள். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை செந்நாயைக் கொன்றால் சன்மானம் கொடுத்த நாடு இது. அது எதைத் தின்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது என்று நாம் இன்று பேசுவதற்கு அடித்தளம் அவர் போட்டது. பின்னர் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் எத்தனையோ பேரை உருவாக்கினார். 2024இல் அவர் மறைந்தபோது எல்லோரும் அஞ்சலி செலுத்தினோம். அவர் செய்த வேலையைத் தொடர வருகிறவர்களை வாசலிலேயே நிற்கவைப்பது அந்த அஞ்சலிக்குப் பொருந்துகிறதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 28ஆம் பிரிவில் ஆய்வும் இருக்கிறது, சுற்றுலாவும் இருக்கிறது. ஆய்வு முதலில் வருகிறது. ஆனால் ஜீப் சவாரிக்கு அன்றைக்கே சீட்டு கிடைக்கிறது, ஆய்வுக்கு மட்டும் பருவம் தாண்டிவிடுகிறது. ஆராய்ச்சியாளரைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில் பார்த்தோம். அங்கே புலிகள் குறைகின்றன என்று ஆய்வாளர் ரகு சுந்தாவத் எச்சரித்தார். பறிபோனது அவருடைய ஆய்வு அனுமதி. 2009இல் பன்னாவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. வளர்ந்த செந்நாய்கள் உலகம் முழுவதும் 2,500க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) மதிப்பீடு. எங்கிருந்து கொண்டுவருவோம்?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. வளைக்கு அருகே ஆட்கள் போனால் கூட்டம் கலையும் என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எத்தனை பேர் வரலாம் என்று நிபந்தனை போடுங்கள், கட்டுப்படுகிறோம். திட்டத்தில் குறை இருந்தால் எழுதுங்கள், திருத்துகிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு மறுத்துவிடுங்கள், வேறு காட்டையோ வேறு கேள்வியையோ தேடிக்கொள்கிறோம். களத்தில் வனக்காப்பாளர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எங்களுக்குச் செய்யும் உதவிக்கு என்றும் நன்றி உண்டு.

வரும் நவம்பருக்கான விண்ணப்பங்கள், என்னுடையதும் மற்ற மாணவர்களுடையதும், உங்களிடம் இருக்கின்றன. 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செந்நாய்களை ஆராயும் ஒரு மாணவி