மதகைத் திறக்கவா, ஊரைப் பிடிக்கவா?

ஆசிரியர் அவர்கட்கு,

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், இடதுசாரிகளுக்கு இராணுவம் என்றாலே ஆகாது, எதிரி வாசலுக்கு வந்து நின்றாலும் சமாதானப் பாட்டுத்தான் பாடுவார்கள் என்று எழுதியிருந்தார். போன ஞாயிறு இன்னொருவர் அதற்குப் பதிலாக, ஆமாம், உண்மையான இடதுசாரி எந்தப் போரையும் ஆதரிக்கமாட்டான், அதுதான் அவனுடைய பெருமை என்று எழுதினார். இரண்டையும் என் மனைவிதான் வாசித்துக் காட்டினாள். எனக்குக் கண்ணில் புரை வெட்டி மூன்று கிழமை ஆகவில்லை, பேப்பர் இப்போது காதால்தான் வருகிறது. இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்றேன். "அதை எனக்குச் சொல்லி என்ன, பேப்பருக்கு எழுதுங்கோவன்" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிற கடிதம் இது. கையெழுத்து நன்றாக இருந்தால் அது அவளுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என் அப்பா திருகோணமலை டொக்யார்ட்டில் பிட்டர் வேலை. 1957இல் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளிக்கும்வரை அங்கேதான் இருந்தார். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது அவர் பட்டறைக்குள். சீனக்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்து, நாள்கணக்கில் எரிந்தது என்பார். அந்தத் தகடுகளைப் பின்னாளில் நானும் போய்ப் பார்த்தேன். சூடு எண்ணெயில் போட்ட அப்பளம் போலச் சுருண்டு கிடந்தன.

அந்தப் பட்டறையில் அப்பாவுக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் சமசமாஜி, அதாவது லங்கா சமசமாஜக் கட்சி என்ற பழைய இடதுசாரிக் கட்சிக்காரர், மற்றவர் கம்யூனிஸ்ட். சமசமாஜக் கட்சி அந்தப் போரை, கொள்ளைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் ஏகாதிபத்தியப் போர் என்றது. அதற்காக அந்தக் கட்சியின் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் 1940இல் உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரலில், கொழும்பில் குண்டு விழுந்த அதே நாட்களில், சிறைக் காவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நால்வரும் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பியது தனிக் கதை. கம்யூனிஸ்ட் சிநேகிதரும் 1941 ஜூன் வரை இதே பேச்சுத்தான். ஹிட்லர் சோவியத் நாட்டின் மேல் பாய்ந்த பிறகு அவருக்கு அதே போர் மக்கள் யுத்தமாகிவிட்டது. இரண்டு பேரும் தேத்தண்ணி ஆறஆறச் சண்டை பிடிப்பார்களாம். "அப்ப இந்தக் கப்பலை நான் திருத்தவோ, விடவோ?" என்று அப்பா கேட்டால் மட்டும் இருவரும் பேசாமல் இருப்பார்களாம். அப்பா திருத்தினார். ஹிட்லர் தோற்க வேண்டும் என்பதற்கா, மாதச் சம்பளத்துக்கா என்று கேட்டால் சிரிப்பார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இடதுசாரிகளிடம் "போரே வேண்டாம்" என்ற கொள்கை ஒருநாளும் இருந்ததில்லை. 1936இல் ஸ்பெயினில் பிராங்கோ குடியரசை எதிர்த்துப் படையெடுத்தபோது, பல நாடுகளிலிருந்து தொழிலாளரும் மாணவரும் போய்த் துப்பாக்கி எடுத்தார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் தலையிட மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க, குடியரசுக்கு ஆயுதம் கொடு என்று தெருவில் இறங்கியவர்கள் இடதுசாரிகள். போன ஞாயிறு வாசகர் இதை மறந்துவிட்டார்.

ஆனால் இடதுசாரிகளிடம் ஒரு பழைய அளவுகோல் இருந்தது. 1914 ஆகஸ்ட் 4ஆம் திகதி ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி, மாநாட்டுக்கு மாநாடு போரை எதிர்த்துத் தீர்மானம் போட்ட கட்சி, நாடாளுமன்றத்தில் போர்ச் செலவுக்குக் கை உயர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது கார்ல் லீப்னெக்ட் ஒரே ஒரு ஆளாக எதிர்த்து வாக்களித்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தின் பெயர் "பிரதான எதிரி சொந்த நாட்டிலேயே இருக்கிறான்". ஆள் சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1919 ஜனவரியில் பெர்லின் எழுச்சியில் நின்றுதான் கொல்லப்பட்டார். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: துப்பாக்கி தூக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளை முதலில் உன் பக்கத்துத் துப்பாக்கியிடம் கேள். யாருடைய காசு, யாருடைய பிள்ளை, யாருக்கு நிலம்? வேறு கதவு எல்லாம் தட்டிப் பார்த்தாயிற்றா? எந்த ஊரைக் காப்பாற்றப் போகிறாயோ அந்த ஊர் உன்னைக் கூப்பிட்டதா? வேலை முடிந்ததும் திரும்பி வருவாயா?

இந்தக் கேள்விகளுக்குத் தாக்குப்பிடித்த போர் எனக்குத் தெரிந்து கொஞ்சம்தான். 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்து, 1979 ஜனவரி 7இல் தலைநகர் நொம்பென்னைப் பிடித்தது. அங்கே ஆண்ட பொல் பொட் ஆட்களின் கொலைக்களம் அதோடுதான் நின்றது. எல்லைக் கிராமங்களில் அடி வாங்கிய பிறகுதான் வியட்நாம் போனது, மனிதாபிமானம் என்று பெரிய பேச்சும் பேசவில்லை. அதற்காகச் சோசலிச நாடான சீனா அடுத்த மாதமே வியட்நாமைத் தாக்கியது. ஐ.நா.வில் கம்போடியாவின் கதிரை பொல் பொட் பக்கத்திடமே இருந்தது. அந்தப் போரை நான் இன்றைக்கும் நியாயம் என்பேன். ஆனாலும் வியட்நாம் படை அங்கே 1989 வரை உட்கார்ந்திருந்ததே, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் என்றால் நானும் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

இடதுசாரிகள் வழுக்கி விழுவது எப்போதும் ஒரே இடத்தில், தங்கள் ஆட்சி, தங்கள் முகாம் என்று வரும்போது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) என்ற இடதுசாரி இளைஞர் இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது எனக்கு இருபத்தொரு வயது. போகம்பரைச் சிறையை உடைத்த என்.எம். அப்போது சிறிமாவோவின் கூட்டணி அரசில் நிதியமைச்சர், கொல்வின் அரசியலமைப்பு அமைச்சர், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சர். கிராமத்துப் பெடியன்களுக்கு எதிராக அந்த அரசு இராணுவத்தை இறக்கியது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பின, அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட இரண்டு நாடுகள்! சோவியத் மிக் விமானம் கொடுத்தது. சீனப் பிரதமர் சௌ என்லாய் கடிதம் எழுதி ஆதரவு சொல்லிக் கடனும் கொடுத்தார். அமெரிக்காவும் அதே பக்கம். பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்களை அரசு தடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடிபட்ட பிறகும் சுட்டார்களே, அந்த வேளையில் அமைச்சரவையில் இருந்த பழைய சிறைப்பறவைகள் என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டு விறாந்தையில் என்.எம். படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கியது. அப்பா அதைக் கழற்றவில்லை. அடுத்த கலண்டரை அதன் மேலேயே மாட்டிவிட்டார்.

இனி மாவிலாறு, எங்கள் திருகோணமலை மாவட்டத்து அணைக்கட்டு. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அணைக்கதவின் திருகுத்தண்டுக்கு என் கையால் கிறீஸ் பூசியிருக்கிறேன். கைச்சக்கரத்தைச் சுற்றினால் தண்டு மேலே வரும், கதவு விரல்விரலாக எழும்பும், முதலில் ஒரு சீறல், பிறகு பழுப்புத் தண்ணீர். கீழே சேருநுவரச் சிங்களவர், மூதூர் முஸ்லிம்கள், தமிழர் என்று எல்லாரும் அந்தத் தண்ணீரில்தான் வயல் செய்தார்கள். முறைத்தண்ணீருக்குக் கூட்டம் வைத்தால் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமார் மூன்று மொழியிலும் ஏசிக்கொள்வார்கள். (மூன்றாவது மொழி எது என்று மனைவி கேட்கிறாள். கெட்ட வார்த்தைதான்.)

2006 ஜூலையில் அந்தக் கதவை மூடியது புலிகள். தமிழன் என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. சிறுபோக நெல் குடலையும் கதிருமாக நிற்கிற நேரம். அந்த வேளையில் தண்ணீரை நிறுத்துவது வயிற்றில் அடிப்பது. அந்தக் கதவைத் திறக்க அரசு படை அனுப்பியிருந்தால்கூட, வேறு வழி இல்லாதபோது, நான் நியாயம் என்றிருப்பேன். ஆனால் வேறு வழி இருந்தது. அரசுக்கும் புலிகளுக்கும் நடுவே நின்ற நோர்வேக்காரர் பேசித் திறக்க இணக்கம் கண்டார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவரே ஆகஸ்ட் 6இல் மதகடிக்குப் போனார். அவர் அங்கே நிற்கும்போதுதான் பக்கத்தில் செல் விழுந்தது. அதற்கிடையில் புலிகள் மூதூருக்குள் புகுந்து, முஸ்லிம் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தது. மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் பதினேழு பேர், அநேகமாக எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஆகஸ்டிலேயே தண்ணீர் வந்துவிட்டது. படை நிற்கவில்லை. செப்டெம்பரில் சம்பூர், பிறகு வாகரை, தொப்பிகல, அப்படியே 2009 மேயில் முள்ளிவாய்க்கால். கடைசிவரை அதற்குப் பெயர் மனிதாபிமான நடவடிக்கை. ஒரு மதகைத் திறக்க எத்தனை மாவட்டம் பிடிக்க வேண்டும் என்று நான் அப்போது அலுவலகத்தில் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், உரக்கக் கேட்கிற காலமா அது?

அந்த அமைச்சரவையிலும் சமசமாஜக் கட்சியின் திஸ்ஸ விதாரண இருந்தார், கம்யூனிஸ்ட் கட்சியின் டியூ குணசேகர இருந்தார். 1971இல் அடிவாங்கிய ஜே.வி.பி. வெளியே நின்று, போர்நிறுத்தத்தைக் கிழி, அடி, இன்னும் அடி என்றது. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு, அதே 2006 ஒக்டோபரில் வென்றதும் அவர்கள்தான். எங்கள் நகரில் இருந்த இணைந்த மாகாணத் தலைநகர் அதோடு போனது. விக்கிரமபாகு கருணாரத்ன போன்ற இடதுசாரிகள் ஒரு சிலர் கொழும்புத் தெருவில் நின்று இந்தப் போர் வேண்டாம் என்றார்கள். துரோகி என்று ஏச்சு வாங்கினார்கள், வாக்கும் விழவில்லை. லீப்னெக்ட்டின் கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். இன்று ஜே.வி.பி. தலைவரே ஜனாதிபதி. கிழக்கில் தமிழரும் அவர்களுக்கு வாக்களித்தோம், நானும்தான். அந்தப் பழைய கணக்கைப் பற்றி ஒரு வசனம் பேசட்டும் என்று காத்திருக்கிறேன்.

கூப்பிட்டு வந்த படையும் ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1971இல் இந்தியா வங்காளதேசத்துக்கு வந்ததைப் பார்த்து, எங்களுக்கும் ஒருநாள் வரும் என்று நம்பாத தமிழ்ப் பெடியன் அந்தக் காலத்தில் குறைவு. 1987இல் வந்தது, நாங்கள் பூமாலையோடு நின்றோம். இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு போன கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் இருந்ததைப் பலர் பிறகுதான் வாசித்தார்கள். யாருக்கு நிலம் என்று நான் மேலே எழுதிய கேள்வி அதுதான். ஒக்டோபரில் காவல் நிற்க வந்தவர்களே புலிகளோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். 1990 மார்ச் 24இல் அவர்களின் கடைசிக் கப்பல் புறப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்து. உள்துறைமுக வீதியில் நின்று பார்த்தேன். கை காட்டியவர் ஒருவரும் இல்லை. மூன்று மாதத்தில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை.

உக்ரைன் பற்றி முதல் வாசகர் கேட்டிருந்தார். நேட்டோ கிழக்கே நகர்ந்தது உண்மை. ஆனால் 2022 பெப்ரவரியில் எல்லை தாண்டியது ரஷ்யப் படை. தன் ஊரில் நின்று சுடுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்ல ஒரு இடதுசாரிக்கு வாய் தடக்கக்கூடாது. காஸாவில் பிள்ளைகள் சாவதைக் கண்டிக்கும் அதே வாயால், 2023 ஒக்டோபர் 7இல் பொதுமக்களைக் கொன்றதையும் கண்டிக்க வேண்டும். இதில் எனக்குப் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் மனைவி பேனையை வைத்துவிட்டாள். "நியாயமான படை என்று ஒன்று இருக்குது என்று எழுதினால் அக்கா வாசிப்பா, தெரியுந்தானே" என்கிறாள். அவளுடைய அக்கா சம்பூர். 2006இல் உடுத்த உடுப்போடு ஓடி, மட்டக்களப்பில் கொஞ்சக் காலம், பிறகு கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே பல வருஷம். 2015க்குப் பிறகுதான் காணி திரும்பக் கிடைத்தது. இருக்கட்டும், அக்கா வாசிக்கட்டும், நான் நினைப்பதைத்தானே எழுதுகிறேன் என்றேன். பேனையைத் திரும்ப எடுத்திருக்கிறாள், முகம் மட்டும் சரியில்லை.

அக்கா திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் நாயுருவி. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. கிணற்றுக் கட்டில் யாரோ படைப்பிரிவு ஒன்றின் இலக்கத்தை வெள்ளைப் பெயின்றால் எழுதி வைத்திருந்தார்கள். தண்ணீர் இறைத்துக் கழுவி இப்போது அதில்தான் குடிக்கிறா. எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தரவோ என்று நான் இரண்டு தரம் கேட்டேன். வேண்டாம், கிடக்கட்டும் என்றா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
பாலையூற்று, திருகோணமலை.