சென்னைக்காரர்களைக் குறை சொல்வோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'பட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரன் முகம்கூடத் தெரியாது' என்று எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் சொல்லாத ஆள் இல்லை. வேளச்சேரியில் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கி வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். கதவு சாத்தித்தான் இருக்கிறது, உண்மை. மின்சார ரயிலில் நசுங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குத் திண்ணைப் பேச்சு பேசத் தெம்பு ஏது?

ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில், கீழ்வீட்டுக்காரர்களை மாடிவீட்டுக்காரர்கள் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு பொங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவர்கள் வீடுகளே மூழ்கின. அந்த ஈரம் காயுமுன் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணியும் கரைபுரண்டதே, அப்போது பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு நம்மைத் தேடி வந்தவர்களில் சென்னைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் போய் மனசில்லாதவர்கள் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு அங்கே ஒரே கசப்புதான். வாடகைக்கு வீடு கேட்டால் சாதியையும் சாப்பாட்டையும் விசாரிக்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள், அப்புறம் நம் ஊரிலும் அதே கேள்வியை நிறுத்துங்கள்.

— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்