பூக்கவில்லை என்பதையும் எழுதி வைப்போம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், இந்த வருடம் கொன்றை வழக்கத்தைவிட முன்னாலேயே பூத்துவிட்டது, காலமே தலைகீழாகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி, வழக்கம் என்றால் எந்தத் தேதி? போன வருடம் எந்த வாரத்தில் பூத்தது, அதற்கு முந்தைய வருடம் எப்போது? கடிதத்தில் அது இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோரிடம் அந்தக் கணக்கு கிடையாது. என்னிடமும் வெகுகாலம் இருந்ததில்லை.

கொன்றை பருவம் தப்பிப் பூத்தது என்ற பேச்சு இன்று நேற்று தொடங்கியதல்ல. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது என்று கலங்கும் தலைவியிடம், இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று நம்பிவிட்டது என்று தோழி சொல்லும் சங்கப் பாடல் பலருக்கும் நினைவிருக்கும். (அந்தக் கொன்றை கார்காலத்தில் பூத்தது, நாம் பார்க்கும் சரக்கொன்றை கோடையில் கொட்டுகிறதே என்பது தனி விவாதம். இங்கே வேண்டாம்.) தோழி ஆறுதலுக்காகச் சொன்னாளோ என்னவோ, பூவோடு நிறுத்தாமல் அதற்கு முன் பெய்த மழையையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தாளே, அதுதான் விஷயம்.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நோட்டு வாங்கி, கண்ணில் படுகிற பூவையெல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். 'மார்ச் 20, வேம்பு பூத்தது' என்கிற மாதிரி. மூன்று வருடம் விடாமல் எழுதினேன். நான்காம் வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. எந்த வேம்பு? ஒரு வருடம் வீட்டுக்கு எதிரே நின்ற மரம், அடுத்த வருடம் நடக்கப் போகும் வழியில் பார்த்த வேறொரு மரம். இரண்டு மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலே பத்து நாள் வித்தியாசத்தில் பூக்கும். அப்புறம், 'பூத்தது' என்றால் என்ன? ஒரு கொத்தில் நாலு பூவா, மரம் முழுக்கவா? அதையும் எழுதவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மார்ச் 20 அன்று பூவைப் பார்த்தேன், சரி. அதற்கு முன் அந்த மரத்தை எப்போது பார்த்தேன்? 18ஆம் தேதி பார்த்து, அன்று பூ இல்லை என்றால் 20 என்பது ஏறக்குறைய சரியான தேதி. மார்ச் 1க்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்றால், இடைப்பட்ட எந்த நாளிலும் அது பூத்திருக்கலாம். நான் மரத்தின் தேதியை எழுதவில்லை, என் கண் பட்ட தேதியை எழுதியிருக்கிறேன். மூன்று வருட உழைப்பு அப்படியே வீண் என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் கிட்டத்தட்ட வீண்தான்.

அதன் பிறகு என் நோட்டில் அதிகம் இருக்கும் சொல் 'இல்லை'. ஒரே மரம், வாரத்துக்கு இரண்டு தடவை. மொட்டு இல்லை, பூ இல்லை. மொட்டு உண்டு, பூ இல்லை. படிப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு பூப்புத் தேதிக்கு எல்லை போடுவது அதற்கு முந்தைய 'இல்லை'தான். பூ முடிந்ததற்கும் அப்படியே. கடைசிப் பூவைப் பார்த்த நாள், அடுத்து 'இல்லை' என்று எழுதிய நாள், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பருவம் முடிந்திருக்கிறது.

இப்படி ஒரே மரத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அதுவரை கண்ணில் படாததெல்லாம் தெரியும். கொன்றைக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து மஞ்சள் சரம் அவ்வளவுதான். பக்கத்தில் போனால், காம்பை ஒட்டிய மேல்பகுதி முதலில் விரிந்திருக்கும், கீழ்நுனி வரை மொட்டுகள் பச்சை மணி மாதிரி உருண்டையாகத் தொங்கும். மேலே இதழ் உதிரத் தொடங்கும்போது கீழே இன்னும் மொட்டுதான். அதே கிளையில் போன வருடத்துக் காய் கறுத்து, முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மரத்தில் இரண்டு வருடம் ஒன்றாக நிற்கிறது. இதை வெறும் 'பூத்தது' என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? நான் இப்போது கால் பங்கு, அரைப் பங்கு, முழுக்க என்று மூன்று நிலையாக எழுதுகிறேன். இலைக்கும் அதே கணக்கு.

இலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேம்பும் புங்கமும் மழைக்காகக் காத்திருந்து தளிர்ப்பதில்லை. நிலம் காய்ந்து கிடக்கும்போதே பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத்தளிர் விடுகின்றன. பழைய இலை போய்விட்டால் நீர் வெளியேறுவது குறையும். ஆழத்து வேர் இழுப்பதும் தண்டில் தேங்கியதுமான நீரை வைத்துத் தளிர்த்துவிட்டு, மழை வரும்போது முழுப் பசுமையோடு தயாராக நிற்கும். மழை வந்தால் துளிர்க்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டு அதைத் திருத்தியது.

செடிகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். மரத்துக்கு ஒரு விலாசம் உண்டு, அடுத்த வருடமும் அங்கேயே நிற்கும். தும்பைக்கு அது கிடையாது. விதை விழுந்து, மழை பெய்து, முளைத்து, பூத்து, காய்ந்து போகும். அதனால் செடியைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்க வேண்டும். நாலு மூலையிலும் கல் வைத்து ஒரு மீட்டர் சதுரம் குறித்துக்கொண்டு, அதற்குள் எத்தனை செடி, எத்தனையில் பூ என்று எண்ணுகிறேன். எண்ணிக்கை ஏன் என்றால், ஆயிரம் தும்பை இருக்கும் இடத்தில் அவசரக்குடுக்கை ஒன்று எப்படியும் முன்னாலேயே பூத்துவிடும். பத்தே செடி இருந்தால் அந்த அவசரக்குடுக்கை அதில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். செடி குறைந்துபோனதால் முதல் பூ தள்ளிப்போனது போலத் தெரியும், நாம் பருவம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். முதல் பூவை மட்டும் நம்பினால் இந்த ஆபத்து உண்டு. ஒரு வருடம் யாரோ சுத்தம் செய்கிறேன் என்று என் சதுரத்தை மொத்தமாக வெட்டிவிட்டுப் போனார்கள். அன்று 'இல்லை' என்று எழுதாமல் 'வெட்டப்பட்டது' என்று எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல.

நெருஞ்சியிடமும் ஏமாந்திருக்கிறேன். பல நாள் மதியத்துக்கு மேல் போய்ப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். ஒருநாள் காலையில் போனால் தரை முழுக்க மஞ்சள். காலையில் விரிந்து மதியத்துக்குள் முடித்துக்கொள்ளும் பூ அது. ஆகவே நேரத்தையும் எழுதுங்கள். தப்பான நேரத்து 'இல்லை' பொய் சொல்லும். காந்தள் வேறு ரகம். வறண்ட மாதங்களில் மண்ணுக்கு மேல் ஒன்றும் இருக்காது, கிழங்கு கீழே தூங்கும். மாதக்கணக்கில் 'இல்லை' எழுதிவிட்டு, ஒருநாள் மண்ணைப் பிளந்து வரும் முளையைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

உண்ணிச்செடியை எழுதிப் பயனில்லை. வெளியிலிருந்து வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. வருடத்தில் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும் செடி பருவத்தைக் காட்டாது.

நோட்டு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் கியோட்டோ நகரைச் சொல்வேன். அங்கே செர்ரி பூத்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டு தொட்டே கிடைக்கின்றன. அரசவையினரும் துறவிகளும் பூப் பார்க்கப் போன கதையை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள், ஆராய்ச்சிக்கு என்று எழுதவில்லை. யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அவற்றைத் தொகுத்தார். 2021இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுக்கப் பூத்தபோது, அதுவரையிலான 1,200 ஆண்டுகளில் இதுதான் மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது அதனால்தான். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கிய பருவக் குறிப்புகளை அவர் குடும்பத்தார் 1958 வரை கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊரில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் 1850களில் காட்டுப்பூக்களின் முதல் பூப்பை எழுதி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ரிச்சர்ட் பிரிமாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதே ஊரில் பார்த்தபோது, பொதுவாகக் காணப்படும் பூக்கள் சராசரியாக ஒரு வாரம் முந்தியிருந்தன. எல்லாம் ஒரே அளவில் நகரவில்லை. சில செடி வெப்பத்தைப் பார்த்துப் பூக்கும், சில பகலின் நீளத்தை, சில மழையை. ஒன்று முந்தி இன்னொன்று அப்படியே நின்றால், பூவும் அதைத் தேடி வரும் வண்டும் ஒன்றையொன்று தவறவிடும்.

குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை என்று எல்லோரும் சொல்கிறோம். 1994, 2006, 2018 என்று யாரோ எழுதியதால் தெரிகிறது. நடுவில் பூக்காத வருடங்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சிறிய கட்டம் ஒதுக்குங்கள். செடியின் பெயர், பார்த்த தேதியும் நேரமும், மொட்டா பூவா காயா என்ற நிலை, கடைசியாக 'இல்லை' என்று பார்த்த தேதி, முந்தைய வாரத்தில் மழை உண்டா என்ற ஒரு குறிப்பு, இவ்வளவு போதும். படம் வேண்டாம், வர்ணனை வேண்டாம். கொன்றையைப் பற்றி எழுதிய அந்த வாசகரின் மரத்திலிருந்தே தொடங்கலாம். அவர் இப்போது அந்த மரத்தடிக்குப் போய், இலை இருக்கிறதா, காய் எத்தனை என்று பார்த்து எழுதி அனுப்பட்டும். பூ இல்லையென்றால் 'இல்லை' என்றே அனுப்பட்டும், அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்