ஹியூகனோக்களை மறுபடியும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்

பாரிஸ் ஓபராவின் நிகழ்ச்சித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். யூத இசையமைப்பாளர் மேயர்பேரின் 'லே ஹியூகனோ' (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனோக்களின் படுகொலையைச் சொல்லும் ஓபரா) 1906-இல் உங்கள் மேடையில் 1000-ஆவது முறையாக அரங்கேறியது. அந்த மேடையில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஓபரா அதுதான். 1936-க்குப் பிறகு அதே மேடை அதை மறந்தது. 2018-இல் உங்கள் புதிய பஸ்தி அரங்கில் மீண்டும் எடுத்தீர்கள். நடுவில் 82 ஆண்டுகள். அடுத்த முறைக்கும் இப்படி ஓர் ஆயுட்காலம் காத்திருக்க வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

செலவு, நீளம், பாட ஆள் கிடைக்காத கஷ்டம் என்று நீங்கள் சொல்லக்கூடியவை எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்து அங்கம், நடுவில் பாலே, மேடை நிறையக் கூட்டம் என்று 'கிராண்ட் ஓபரா' என்னும் இந்தப் பிரெஞ்சு வகை பிறந்ததே ஆடம்பரத்தில்தான். 1831-இல் வெரோன் என்பவர் அரசு மானியத்தோடு பாரிஸ் ஓபராவைக் குத்தகைக்கு எடுத்தபோது, 1830 ஜூலைப் புரட்சியில் தலைதூக்கிய புதுப் பணக்காரர்களுக்கு அது கண்காட்சியாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஜாக்கி கிளப் என்ற மேட்டுக்குடிச் சங்கத்துக் கனவான்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு பாலே நேரத்துக்குத்தான் வந்து உட்காருவார்கள். 1861-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் தம் 'டான்ஹாய்சர்' ஓபராவில் பாலேயை முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார் என்று விசிலடித்தே அதை மூன்றே காட்சிகளில் ஊற்றி மூடினார்கள். அந்தக் காலத்தை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை.

ஆனால் மேயர்பேர் வெறும் படாடோபம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 'காரணமே இல்லாத விளைவு' என்று அவர் இசையைக் கிண்டலடித்தவர் அதே வாக்னர். அந்த வாக்னருடைய 'ரியன்சி' ஓபரா 1842-இல் டிரெஸ்டனில் மேடையேற மேயர்பேரின் சிபாரிசு உதவியிருந்தது. எட்டே ஆண்டில் யூதர்களின் இசையைப் பற்றி ஒரு விஷக் கட்டுரை எழுதினார், அதுவும் புனைபெயரில். 1869-இல் சொந்தப் பெயரிலேயே அச்சிட்டார், மேயர்பேர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து. நாஜிகள் மேயர்பேரின் இசையைத் தடையே செய்தார்கள். தடை போய்விட்டது, ஏளனம் மட்டும் 'ரசனை' என்ற பெயரில் தங்கிவிட்டது. செலவுக் கணக்கு போடும்போது இந்தப் பழைய பாக்கியையும் சேர்த்துப் பாருங்கள்.

'ஹியூகனோ'வின் நான்காம் அங்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1572, பாரிஸ். கத்தோலிக்கரான நெவேர் பிரபுவின் வீடு. ஹியூகனோ வீரன் ராவுல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். ஹியூகனோக்களைத் தீர்த்துக்கட்டும் திட்டத்தை கத்தோலிக்கத் தலைவன் சென்-பிரி நிதானமாக விளக்குகிறான். நெவேர் ஒருவன்தான் மறுக்கிறான். என் முன்னோரில் படைவீரர்கள் உண்டு, கொலைகாரன் ஒருவனும் இல்லை என்கிறான். அவனைக் காவலில் கொண்டுபோகிறார்கள். மூன்று துறவிகள் வெள்ளைப் பட்டிகளோடு வந்து வாள்களை ஆசீர்வதிக்கிறார்கள். கூட்டம் கொதித்துக் கூரை அதிரப் பாடுகிறது. பிறகு சட்டென்று குரல் அடங்கி, 'சத்தம் வேண்டாம்' என்று கிசுகிசுத்தபடியே கலைந்து போகிறது. கொலைக்குக் கிளம்பும் ஒரு கூட்டம் பூனை நடை நடப்பதை இசையில் கேட்க வேண்டுமென்றால் இங்கேதான் கேட்க வேண்டும். இதிலா காரணமில்லை?

அந்தக் காட்சியில் சதிக்குத் தலைமை தாங்க வேண்டியவள் ராணித்தாய் கத்ரீன் தெ மெதிசி. தணிக்கையாளர்கள் விடவில்லை. மியூனிக்கில் கத்தோலிக்கர் பெயரையே எடுத்துவிட்டு ஆங்கிலிகன், பியூரிட்டன் சண்டையாக மாற்றினார்கள். ஆட்சியாளர்கள் பயப்படும் அளவுக்கு ஓபராவில் விஷயம் இருந்திருக்கிறது. இன்னொரு கிராண்ட் ஓபராவான ஓபேரின் 'போர்த்தீச்சியின் ஊமைப்பெண்' 1830 ஆகஸ்ட் 25 அன்று பிரஸ்ஸல்ஸில் நடந்தபோது, தாய்நாட்டின் மீதான அன்பைப் பாடும் ஓர் இருவர் பாட்டு பார்வையாளர்களை உசுப்பிவிட்டது. அன்றிரவு தெருவில் தொடங்கிய கலவரம் பெல்ஜியம் என்ற தனி நாட்டில் போய் முடிந்தது. கதாநாயகியோ வாய் பேசாதவள், நடனக்காரி நடிக்கும் வேடம். எனக்கு இன்றும் வியப்பு அதுதான்.

இன்னொரு சின்ன விண்ணப்பம், இது ஓர் இந்தியனின் குறும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேயர்பேரின் கடைசி ஓபரா அவர் இறந்த மறு ஆண்டு, 1865-இல், 'ஆப்பிரிக்கப் பெண்' என்ற பெயரில் உங்கள் மேடைக்கு வந்தது. அவர் எழுதி வைத்திருந்த பெயர் 'வாஸ்கோ த காமா'. அவர் கைவிட்ட பழைய தலைப்பை மறுபடி ஒட்டிவிட்டவர், அவர் இறந்தபின் அதைப் பதிப்பித்த ஃபெத்திஸ். விளைவு, ஆப்பிரிக்க ராணியின் நாட்டில் பிரம்மா, விஷ்ணு, சிவன் பெயரால் சத்தியம் செய்கிறார்கள்! ஜெர்மனியில் கெம்னிட்ஸ் அரங்கு 2013-இல் அவர் வைத்த பெயரிலேயே மேடையேற்றிவிட்டது. நீங்களும் செய்யலாம்.

முதலில் 'ஹியூகனோ'வை எடுங்கள். நான்காம் அங்கத்தின் முடிவில், ராவுலும் சென்-பிரியின் மகள் வாலந்தீனும் காதலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படுகொலைக்கு அறிகுறியாக ஒரு மணி அடிக்கும். அது சென்-ஜெர்மேன் தேவாலயத்து மணி. அந்தக் கோயில் லூவ்ருக்கு எதிரே இன்னும் நிற்கிறது. உங்கள் பழைய கார்னியே அரங்கின் படியிறங்கி நேரே நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
மேல்மாடி ரசிகன் ஒருவன்