எட்டு ஜி எப்போது வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இணையதளத்தில் உலக மக்கள்தொகை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது. அதனுடன் இருந்த வரைபடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதை முதலில் பார்த்தவர் என் அப்பா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், அப்புறம் என்னிடம் நீட்டினார். "ஏம்ப்பா, 5ஜி தெரியும். இந்த 8ஜி எப்ப வந்துச்சு?"

வாங்கிப் பார்த்தேன். இடப்பக்க அச்சில் கீழிருந்து மேலாக 0ஜி, 1ஜி, 2ஜி என்று ஏறிக்கொண்டே போய் 8ஜியில் நின்றது. கீழே கிடை அச்சில் 1,950, 1,960, 1,970 என்று ஆண்டுகள், ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளியோடு. நடுவில் இருந்த கோட்டில் பிழை இல்லை. 1950இல் சுமார் 250 கோடியாக இருந்த மக்கள்தொகை, 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. சொன்னதை அது சரியாகவே காட்டியது. ஆனால் அந்த விஷயம் தெரிந்தவர்தான் அந்தக் கோட்டைப் படிக்க முடியும் என்ற நிலை.

இணையப் பக்கங்களுக்கு வரைபடம் செய்து கொடுப்பதுதான் 2013 முதல் என் பிழைப்பு. அதனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது பார்த்த உடனே புரிந்துவிட்டது. டி3 என்ற லைப்ரரியில், அதாவது இணையத்தில் வரைபடம் வரைய ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பில், செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக் போஸ்டாக்கும் உடனிருந்தவர்களும் உருவாக்கி 2011இல் வெளியிட்டது. எங்கள் தொழிலில் பாதிப்பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. அச்சில் நீளமான எண்கள் இடத்தை அடைத்தால், எண் வடிவத்துக்கான இடத்தில் 'எஸ்' என்று ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும், அது சுருக்கித் தரும். எப்படிச் சுருக்கும் என்பதில்தான் வில்லங்கம். அறிவியல் அலகுகளின் முன்னொட்டுகளை எடுத்துக்கொள்ளும்: ஆயிரத்துக்கு கே, பத்து லட்சத்துக்கு எம், நூறு கோடிக்கு கிகா, அதாவது ஜி. மின்சாரத்தை கிகாவாட்டில் சொன்னால் சரி. மனிதர்களை கிகாவில் எண்ணுகிறவர் யாரும் கிடையாது.

ஆண்டுக்குள் காற்புள்ளி வந்த கதையும் இதே மாதிரிதான். 1950 என்பது ஆண்டு என்று லைப்ரரிக்குத் தெரியாது. நாம் எண்ணாகக் கொடுத்தோம், எண்ணுக்குரிய மரியாதையை அது செய்தது. தேதியாகக் கொடுத்திருந்தால், அல்லது காற்புள்ளி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்காது. லட்சம், கோடி கணக்குக்கும் வழி இருக்கிறது. 12,34,567 என்று பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு 1,234,567 என்று போட்டால் எந்த இலக்கத்தில் நிற்கிறோம் என்று விரலால் எண்ண வேண்டியிருக்கிறது. உலாவிகளிலேயே எண் வடிவமைக்கும் வசதி உண்டு. தமிழ், இந்தியா என்ற குறியீட்டைக் கொடுத்தால் லட்சக் கணக்கில் பிரித்துக் கொடுத்துவிடும். தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

இதையெல்லாம் குறை சொல்ல எழுதவில்லை. நான் செய்யாத தப்பு இதில் ஒன்றுகூட இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், அச்சுக்கு ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று வந்து நின்றது. அன்றைய டி3இல் அச்சு என்பது இரு முனையும் மடிந்த ஒரே பாதை. உலாவியில் கோட்டுப் படம் வரையப் பயன்படும் எஸ்விஜி வடிவத்தில், பாதைக்கு உள்நிரப்பு வேண்டாம் என்று நாமே சொல்லாவிட்டால் அது கறுப்பை ஊற்றி நிரப்பிவிடும். ஒரு முழு மாலை இதைத் தேடிக்கொண்டிருந்தேன். 2016இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த நிரப்பை லைப்ரரியே அணைத்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த மாலை வாய்க்காது.

ஆனால் லைப்ரரி செய்து கொடுப்பது ஆரம்பம் மட்டும்தான். அச்சில் வரும் எழுத்துகளுக்கு 10 பிக்சல் அளவை வைத்து அனுப்புகிறது. மேசைக் கணினியில் அதுவே சிறியது. உங்கள் வரைபடம் 800 பிக்சல் அகலத்துக்கு வரையப்பட்டு, கைப்பேசியில் அப்படியே சுருங்கி 360க்குள் உட்கார்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் சுருங்கும்போது எழுத்தும் கூடவே சுருங்கும். 10 பிக்சல் 4.5 ஆகிவிடும். ஆங்கில எழுத்தையே அந்த அளவில் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் இருக்கின்றன. குறில் கியா நெடில் கீயா என்பது அந்தச் சுழிப்பில்தான் தெரியும். அப்பா கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பிடித்தது கண் கோளாறால் அல்ல. படத்தை மொத்தமாகச் சுருக்காமல், திரையின் அகலத்தை அளந்து அதற்கேற்ப மறுபடி வரைவதுதான் சரியான வழி. எழுத்து அதே அளவில் நிற்கும். இடம் போதாவிட்டால் அச்சில் எழுதும் ஆண்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பத்தாண்டுக்கு ஒன்று என்பதைக் கைப்பேசியில் இருபதாண்டுக்கு ஒன்று ஆக்கினால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. எத்தனை வேண்டும் என்று சொன்னாலும் லைப்ரரி அதை ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது தனிக்கதை. 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளில் முழுதாக விழும் எண்களையே தேடும்; ஐந்து கேட்டால் ஆறு வரலாம். எனக்கு அதில் சண்டை இல்லை.

நிறம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அச்சில் வரும் எழுத்தை வெளிறிய சாம்பல் நிறத்தில் போடுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கோடு எடுப்பாகத் தெரிய வேண்டும், அச்சு அடக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். குறுக்கே ஓடும் உதவிக் கோடுகள் அடக்கமாக இருக்கட்டும், பாதி மறைந்தாலும் நஷ்டமில்லை. முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கோடுகளை எடுத்தே விடலாம். எழுத்து படிப்பதற்காக இருப்பது. இணையப் பக்கத்தை எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான வலை அணுகல் வழிகாட்டு நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கின்றன. எல்லோரும் விரும்பிப் போடும், 999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளைத் தாளில் 3க்கு 1கூடத் தேறாது. 767676 என்ற சாம்பல் மயிரிழையில் தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் சாம்பல்தான், வெயிலில் நின்று படிக்கும்போது தெரியும் வித்தியாசம்.

அச்சு எங்கிருந்து தொடங்குகிறது என்பது இன்னும் பெரிய விஷயம். அதில் உங்கள் வரைபடம் தப்பு செய்யவில்லை, நான் செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக 42, 46 என்ற இரண்டு பட்டைகளை வரைந்தேன். வித்தியாசமே தெரியவில்லையே என்றார். அச்சை 40இல் தொடங்கினேன். ஒன்றின் உயரம் 2, இன்னொன்றின் உயரம் 6. பார்க்கிறவருக்கு மூன்று மடங்கு. அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உறுத்தும். பட்டையில் கண் அளப்பது நீளத்தை, அதனால் அது சுழியில்தான் தொடங்க வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உடல் வெப்பத்தைச் சுழியிலிருந்து வரைந்தால் 37 டிகிரியும் 39 டிகிரியும் ஒரே கோடாகத் தெரியும். காய்ச்சல்காரர் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

அப்பா பணியில் இருந்தபோது, வரைபடத் தாளின் மூலையில் 'அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு' என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பார். கோடு சரியாகத்தானே வந்திருக்கிறது சார் என்று கேட்டாலும் விடமாட்டார். புள்ளிவிவரங்களைப் படமாக வரைவதில் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்தபோது, கீழ்க்கோடு ஆண்டுகளாகவும் வலப்பக்கக் கோடு பத்தாயிரம் பவுண்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று படத்துக்கு அடியில் ஒரு வரி அச்சிட்டார். அந்த மாதிரி வரைபடம் அன்றைய வாசகர்களுக்குப் புதிது, அதனால் சொல்ல வேண்டியிருந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு முழு மார்க்" என்றார்.

உங்கள் தளத்தில் வரைபடம் செய்கிறவருக்கு நேரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குக் கட்டுரை வரும், பத்தரைக்கு ஏற்ற வேண்டும். ஆனாலும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை கைப்பேசியில் திறந்து, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கொடுத்து, அச்சில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 8ஜி என்று அவர் வாயிலிருந்து வந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அதே எண்களை வைத்து அன்று மாலை நானே ஒரு படம் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். 0, 200, 400, 600, மேலே 800 கோடி. எல்லாவற்றிலும் கோடி கோடி என்று எழுதி அடைக்க வேண்டாம் என்று உச்சியில் மட்டும் போட்டிருந்தேன்; அந்தச் சிக்கனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்பா தள்ளிப் பிடிக்காமலே படித்தார். அப்புறம், "எண்ணூறு கோடி என்ன? பேரா, ரூபாயா?" என்றார். 'கோடிப் பேர்' என்று திருத்திக் கொடுத்தேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்