மரபுடைமை நடைகள் தமிழிலும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் என் மாமியாரை, சிங்கப்பூரின் பழைய இடங்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் ஒரு மரபுடைமை நடைக்கு அழைத்துப் போனேன். தெலுக் ஆயர் சாலையில் நாகூர் தர்கா முன்னால் நின்றோம். வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார், ஆனால் முழுக்க ஆங்கிலம். மாமியார் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “என்னம்மா சொல்றாரு?” என்று நாலைந்து முறை கேட்டார். அந்தச் சாலை ஒரு காலத்தில் கடற்கரை, 1828 முதல் 1830 வரை தர்காவைக் கட்டியபோது அலை பக்கத்திலேயே அடித்தது என்று நான் காதோடு சொன்னேன். அப்புறம் அவர் நகரவே மனமில்லாமல் நின்றார். சொந்த ஊர் நாகூருக்குப் பக்கம்!

கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, நூலகங்களில் அரங்குகள் இருக்கின்றன. மாதம் ஒரு நடை, ஓர் உரை தமிழில் நடத்தினால் போதும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் மாடு வளர்த்தவர்கள், பால் ஊற்றியவர்கள் பற்றிக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையே பேச அழையுங்கள், சீக்கிரமாக.

ஒரு வாசகி, ஈசூன்